பனியின் மீது பழி போடலாமா?

மலையில் பனி சரிந்து மனிதர்கள் புதைந்துபோனால், மறுநாள் நாளிதழில் என்ன தலைப்பு வரும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். 'இயற்கையின் சீற்றம்', 'இயற்கையின் கோரத் தாண்டவம்', 'விதி விளையாடியது'. நாமும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். இயற்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாயிற்று. அது வழக்கறிஞர் வைத்து வாதாடப் போவதில்லை. அத்தோடு வழக்கு முடிந்தது.

இந்தத் தலைப்புகள் நம்மை ஏமாற்றுகின்றன என்பதே என் கருத்து. ஒரு பனிச்சரிவில் பனி செய்வது பாதி வேலைதான். அங்கே யார் நின்றார்கள், ஏன் நின்றார்கள், யார் சொல்லி நின்றார்கள் என்பதெல்லாம் மனிதர்கள் எடுத்த முடிவுகள். அவற்றைக் கேள்வி கேட்காமல் பனியின் மீது பழி போட்டால், இறந்தவர்களுக்கும் நியாயம் கிடைக்காது. இருப்பவர்களுக்கும் பாடம் கிடைக்காது.

பனியே பெய்யாத மலேசியாவில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எழுத வேண்டும். 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் நம் நாட்டுக் கொடியை முதன்முதலாக ஏற்றியவர்கள் மகேந்திரன், மோகனதாஸ் என்ற இரு தமிழர்கள். அன்று தொடங்கி, நம் தன்முனைப்பு முகாம்களில் எவரெஸ்ட் இல்லாத உரையைக் கேட்பது அரிது. நேப்பாளத்திற்கு மலைநடை செல்லும் மாணவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் விரும்பிச் செல்லும் அன்னபூர்ணா அடிவார முகாம் பாதையில், தியோராலி என்னும் இடத்தருகே, 2020 ஜனவரி 17ஆம் நாள் பனி சரிந்து நான்கு தென்கொரியர்களும் மூன்று நேப்பாளியரும் உயிரிழந்தனர். அந்தக் கொரியர்கள் தொண்டூழியப் பணிக்காக வந்த ஆசிரியர்கள். அது உச்சியை நோக்கி ஏறும் பாதையன்று. ஆயிரக்கணக்கானோர் நடந்து செல்லும் பாதை. ஆகவே இது எங்கோ யாருக்கோ நடக்கும் கதையன்று.

பனி எப்படிச் சரிகிறது?

முதலில் பனியைத் தெரிந்துகொள்வோம். தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் புல்நுனித் துளிக்கும், கேமரன் மலையின் மூடுபனிக்கும், இமயத்தின் வெண்பனிக்கும் பொதுவாக நிற்கிறது. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது முன்பனி, பின்பனி என்று பனிக்கு இரண்டு பருவங்களைக் கொடுத்தார்கள். ஆனால் அது வெப்பநாட்டுப் பனி. மலைச்சரிவில் படியும் பனியின் குணம் வேறு.

வானிலிருந்து விழும் வெண்பனி, கொட்டிவைத்த மாவைப் போல் ஒரே சீராகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. நாம் தின்னும் குவே லாப்பிஸ் போல அடுக்கின் மேல் அடுக்காகக் குளிர்காலம் முழுவதும் அது வளர்கிறது. சில அடுக்குகள் இறுகிக் கெட்டிப்படும். சில அடுக்குகள் எத்தனை நாளானாலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தளர்ந்தே இருக்கும். வானம் தெளிந்த குளிர் இரவில், இங்கே புல்லின் மேல் பனித்துளி படிவதைப் போல, அங்கே பனித்தரையின் மேல் இறகு போன்ற படிகங்கள் முளைக்கின்றன. காலையில் பார்த்தால் வைரத்தூள் இறைத்தது போல் மின்னும். அடுத்த பொழிவு அந்த அழகை மூடிவிடும். மூடப்பட்ட பின்பும் அது நலிந்த அடுக்காக உள்ளேயே இருக்கும். அதேபோல, தரையோரப் பனிக்கும் மேற்பரப்புக்கும் இடையே வெப்பநிலை பெரிதும் வேறுபட்டால், உள்ளிருக்கும் பனி சர்க்கரையைப் போல் உதிரியாகிவிடும். இத்தகைய நலிந்த அடுக்குகள் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும்.

அதற்கு மேல் புதுப்பனி விழுகிறது. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் சேர்க்கிறது. வானிலிருந்து விழுவதைவிடப் பன்மடங்கு விரைவாகச் சேர்க்கிறது. மேலடுக்கு கெட்டியான பலகையாகிறது. இந்நிலையில் ஒரு மனிதரின் எடை போதும். நலிந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால், அந்த நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவெங்கும் பரவி, பலகை முழுவதும் கழன்று, சில வினாடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கிறது.

பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் நிகழ்கின்றன. அதைவிடத் தட்டையான இடத்தில் பனி எளிதில் நழுவாது. மிகச் செங்குத்தான இடத்தில் அது தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 30 முதல் 45 பாகைதான் பனிச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் தேடிப் போகும் சாய்வும் ஆகும்.

மலை எச்சரிக்கை தராமலும் இருப்பதில்லை. அருகில் அண்மையில் சரிந்த தடம், காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் ஒலி, பாதத்திலிருந்து கண்ணாடிக் கீறலைப் போல் ஓடும் வெடிப்பு, கடும் பனிப்பொழிவு, பலத்த காற்று, திடீரென ஏறும் வெப்பம் ஆகியவை எல்லாம் அறிகுறிகள். அவற்றை அலட்சியம் செய்தால் விலை பெரிது. புதைந்தவர்களை முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். அரை மணி நேரத்தைக் கடந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே பிழைப்பார். மீட்புப் படை வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும். காப்பாற்றக்கூடியவர்கள் உடன் வந்த நண்பர்கள் மட்டுமே.

பதினாறு பேரின் மௌனம்

பொழுதுபோக்காக மலைக்குச் சென்று பனிச்சரிவில் உயிரிழப்பவர்களில், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரின் சாவுக்குக் காரணமான சரிவைத் தொடங்கிவைத்தது அவர்களே அல்லது அவர்களுடன் வந்தவர்களே. பனிச்சரிவு ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு இது. 'இயற்கையின் சீற்றம்' என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள் இருக்க முடியும்?

அப்படியானால் இறந்தவர்கள் எல்லாம் அறியாதவர்களா? இல்லை என்பதுதான் நெஞ்சைச் சுடும் உண்மை. 2012 பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்குத் தளத்திற்கு வெளியே உள்ள டனல் கிரீக் என்னும் சரிவில் 16 பேர் இறங்கினார்கள். தொழில்முறை விளையாட்டாளர்கள், இதழாளர்கள், அந்த மலையை உள்ளங்கை போல் அறிந்த உள்ளூர்க்காரர்கள் அக்குழுவில் இருந்தார்கள். முந்திய நாள்களில் பனி கொட்டியிருந்தது. அபாய முன்னறிவிப்பும் வெளியாகியிருந்தது. சரிவு நிகழ்ந்தது. மூவர் இறந்தார்கள். அடித்துச் செல்லப்பட்ட ஒரு பெண், காற்றுப்பை பொருத்திய முதுகுப்பையை இயக்கியதால் பிழைத்தார். பின்னர் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஜான் பிராஞ்ச் இதைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை 2013இல் புலிட்சர் பரிசு பெற்றது. அக்கட்டுரையிலிருந்து ஒன்று தெளிவாகிறது. குழுவில் பலருக்கு உள்ளுக்குள் ஐயம் இருந்தது. கூட்டம் பெரிதாக இருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் எவரும் அதை உரக்கச் சொல்லி அனைவரையும் நிறுத்தவில்லை. இத்தனை வல்லுநர்கள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

இந்த மௌனம் தற்செயலானது அன்று. இயன் மெக்கமன் என்னும் ஆய்வாளர், அமெரிக்காவில் நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மனிதர்களை வீழ்த்தியது பெரும்பாலும் அறியாமை அன்று, மனத்தின் குறுக்குவழிகள் என்று அவர் காட்டினார். பழகிய இடம் என்ற நம்பிக்கை, திட்டமிட்டுவிட்டோம் என்ற பிடிவாதம், பிறர் மெச்ச வேண்டும் என்ற ஆசை, குழுவில் ஒருவரை வல்லுநராக எண்ணி அவர் பின்னே போதல், கூட்டம் தரும் துணிச்சல், வேறு எவரும் தொடாத பனியை நாமே முதலில் தொட வேண்டும் என்ற அவசரம் ஆகியவையே அவை.

நண்பர்களே, இந்தப் பட்டியலை மறுமுறை படித்துப் பாருங்கள். இதில் பனி எங்கே இருக்கிறது? நம் வளாகத்திலும் இதே பட்டியல் நடமாடவில்லையா? 'மூத்த அண்ணன் ஒருவர் சேர்ந்திருக்கிறார், அறையிலுள்ள எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள், இடம் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது' என்று சொல்லியே விரைவில் பணக்காரராகும் திட்டங்கள் மாணவர்களின் கல்விக் கடன் பணத்தை விழுங்குகின்றன. ஐயம் எல்லாருக்கும் இருக்கும். வாய் திறப்பவர் எவரும் இருக்கமாட்டார். பனிச்சரிவு ஆய்வு எனக்குக் கற்பித்த முதல் பாடம், ஒரு குழுவில் முதலில் 'வேண்டாம்' என்று சொல்பவர் கோழை அன்று, அவரே அந்தக் குழுவின் காவலர் என்பதாகும்.

இன்னொரு செய்தியும் உண்டு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து நிலைகளாக அறிவிக்கிறார்கள். உயிரிழப்புகள் மிகுதியாக நிகழ்வது நான்காம், ஐந்தாம் நிலைகளில் அன்று. நடுவிலுள்ள மூன்றாம் நிலையில்தான். அபாயம் உச்சத்தில் இருந்தால் மக்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். நடுத்தரமாக இருக்கும்போதுதான் 'நமக்கு ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம் வருகிறது.

விருப்பம், கூலி, கட்டளை

இதுவரை சொன்னது விரும்பிப் போனவர்களின் கதை. பனிக்கு அடியில் கிடப்பவர்கள் எல்லாரும் விரும்பிப் போனவர்கள் அல்லர்.

2014 ஏப்ரல் 18ஆம் நாள் காலையில் எவரெஸ்டின் மேற்குத் தோளிலிருந்து ஒரு மாபெரும் பனிப்பாறை உடைந்து கும்பு பனியருவியின் மீது விழுந்தது. இறந்தவர்கள் 16 பேர். அத்தனை பேரும் நேப்பாளத் தொழிலாளர்கள். வெளிநாட்டு ஏறுநர்கள் பின்னர் வந்து பயன்படுத்துவதற்காகக் கயிறும் ஏணியும் உணவும் சுமந்து போனவர்கள். பனிப்பாறையை எவரும் தள்ளிவிடவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பாறைக்குக் கீழே பாதை அமைத்தது மனித முடிவு. உச்சிக்குச் செல்பவர் சில முறை மட்டுமே கடக்கும் அந்த இடத்தைச் சுமைதூக்குபவர் ஒரே பருவத்தில் பலமுறை கடக்க வேண்டும் என்பதும் மனித முடிவுதான். குழுவாக வரும் ஏறுநர்களிடம் தலைக்கு 10,000 அமெரிக்க டாலர் அனுமதிக் கட்டணம் பெற்றுக்கொண்டிருந்த அரசு, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முதலில் அறிவித்த தொகை 40,000 நேப்பாள ரூபாய். ஏறத்தாழ 400 டாலர். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டு அப்பக்கத்து ஏற்றம் நின்றுபோனது. அதன் பிறகே அவர்களுக்கான கட்டாய உயிர்க்காப்பீடு 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் நேப்பாள ரூபாயாக உயர்ந்தது. மறு ஆண்டு பாதையும் மேற்குத் தோளை விட்டு விலக்கி அமைக்கப்பட்டது. 'சீற்றம்' என்று சொல்லிச் சும்மா இருந்திருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது. கேள்வி கேட்டதால்தான் நடந்தது.

மூன்றாவது வகையினர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து போனவர்கள். 2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த ஓர் இந்தியக் காவல் நிலையின் மீது பனி சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த 10 வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா என்ற வீரர் மட்டும் ஆறு நாள்களுக்குப் பிறகு உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் காலமானார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2012 ஏப்ரல் 7ஆம் நாள், அதே வட்டாரத்தில் கயாரி என்னும் இடத்தில் பாகிஸ்தான் இராணுவ முகாம் புதைந்து 140 பேர் மாண்டார்கள். 1984இல் இந்திய இராணுவம் அங்கே காலூன்றியது முதல், இரு தரப்பிலும் குண்டுக்கு இறந்தவர்களைவிடக் குளிருக்கும் பனிக்கும் இறந்தவர்களே அதிகம். வெயில் காயும் ஊர்களில் பிறந்த இளைஞர்களை ஆள் வாழ முடியாத உயரத்தில் நிறுத்திவைத்தது பனியா? இரண்டு அரசுகளா?

விருப்பத்தால் போனவர், கூலிக்காகப் போனவர், கட்டளையால் போனவர் என மூவருக்கும் நாளிதழ் ஒரே தலைப்பைப் போடுகிறது. மூன்றும் வேறு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. முதலாமவரிடம், 'அறிகுறிகளைப் படித்தாயா?' என்று கேட்கலாம். இரண்டாமவரின் முதலாளியிடம், 'அவர் உயிருக்கு என்ன விலை வைத்தாய்?' என்று கேட்க வேண்டும். மூன்றாமவரின் அரசிடம், 'அவர் அங்கே இருந்துதான் ஆக வேண்டுமா?' என்று கேட்க வேண்டும். ஒரே தலைப்பு இம்மூன்று கேள்விகளையும் ஒருசேரப் புதைத்துவிடுகிறது.

திரும்பி வருவதும் ஏற்றமே

இனி நம் தன்முனைப்பு முகாம்களுக்கு வருகிறேன். 'சிகரம் தொடு', 'பின்வாங்காதே', 'முடியாது என்பது முட்டாளின் சொல்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். தோட்டப்புறத்திலிருந்தும் அடுக்குமாடி வீடுகளிலிருந்தும் பல்கலைக்கழகம் வரை வந்தவர்களுக்கு விடாமுயற்சியின் அருமை தெரியும். அது இல்லாமல் நம்மில் பலர் இங்கே இருக்கமாட்டோம்.

ஆனால் விடாமுயற்சி என்பது குறிக்கோளை விடாமல் இருப்பது. இன்றைக்கே, இந்த வழியிலேயே என்று அடம்பிடிப்பதன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த முகாமிலும் நான் கேட்டதில்லை. வள்ளுவர் சொல்லியிருக்கிறார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். பனிச்சரிவுப் பயிற்சியில் கற்பிக்கும் மூன்றும் ஏறத்தாழ இவைதாம்: பனி அடுக்கின் வலிமை, வானிலை, நிலத்தின் சாய்வு. மெல்லிய மயிலிறகும் அளவு மீறினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்ற எச்சரிக்கை வலியறிதலில்தான் வருகிறது. எடையே இல்லாதது போல் விழும் பனித்துகள்கள் ஒரு மலைச்சரிவை முறிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேண்டுமா? அதற்கு அடுத்த குறள், கிளையின் நுனிவரை ஏறியவர் அதற்கு மேலும் ஏற முயல்வதைப் பற்றியது.

எவரெஸ்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2012இல் ரஸ்ஸல் பிரைஸ் என்ற அனுபவம் மிக்க குழுத்தலைவர், மேற்குத் தோளில் தொங்கிக்கொண்டிருந்த பனிப்பாறையைக் கண்டு அஞ்சி, பெரும் பணம் கட்டி வந்திருந்த தம் குழுவின் ஏற்றத்தைக் கைவிட்டார். அவ்வாண்டு மற்றக் குழுக்கள் உச்சிக்குச் சென்று வந்தன. அவர் அளவுக்கு மீறி அஞ்சிவிட்டார் என்றுதான் அப்போது பலருக்குத் தோன்றியிருக்கும். இரண்டே ஆண்டுகளில் அதே தோளிலிருந்துதான் அந்த 16 பேர் மீது பனி விழுந்தது. திரும்பி வருபவரின் கெடுநிலை இதுதான். அவர் முடிவு சரியானது என்பதற்குப் பெரும்பாலும் சான்றே கிடைக்காது. எதுவும் நடக்காத நாளுக்கு எவரும் கைதட்டுவதில்லை.

நம் நாட்டில் வெண்பனி இல்லாவிட்டாலும் சரிவுகள் உண்டு. 1993 டிசம்பர் 11ஆம் நாள் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்தபோது 48 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங்காலி முகாமிடத்தின் மீது மண் சரிந்தபோது 31 பேர் இறந்தார்கள். அப்போதும் மழையின் மீது பழி போட்டவர்கள் உண்டு. மண்ணும் பனியைப் போலத்தான். அடுக்கு, சாய்வு, பாரம் ஆகியவற்றின் கணக்கு அதற்கும் உண்டு. அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியவர் பார்த்தாரா என்ற கேள்வியும் உண்டு.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இங்கே முன்வைக்கிறேன். முதலாவதாக, மலைக்குச் செல்லும் நம் மாணவர் குழுக்கள் புறப்படும் முன்பே, எந்த நிலையில் திரும்புவோம் என்பதை எழுதிவைக்கட்டும். குழுவில் மிக இளையவர் 'வேண்டாம்' என்றாலும் அனைவரும் நின்று பேசுவது என்று விதி செய்துகொள்ளட்டும். சுமைதூக்குபவருக்குக் காப்பீடு உண்டா என்று கேட்காமல் எந்தப் பயண நிறுவனத்திற்கும் பணம் கட்ட வேண்டாம். இரண்டாவதாக, நம் தன்முனைப்பு முகாம்களில் உச்சி தொட்டவர்களைப் பற்றிப் பேசும்போது, உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று திரும்பியவர்களைப் பற்றியும் ஒரு பத்து நிமிடம் பேசுங்கள். மூன்றாவதாக, தமிழில் எழுதும் நாம், நாளிதழிலோ இதழிலோ நம் பெயர் வரும்போது, 'இயற்கையின் சீற்றம்' என்று எழுதும் முன் ஒரு கணம் பேனாவை நிறுத்துவோம். அங்கே யார் இருந்தார்கள், யார் அனுப்பினார்கள், யாருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று கேட்டு, விடையை எழுதுவோம்.

பனிக்குக் கோபம் இல்லை, கருணையும் இல்லை. எடை ஏறினால் அது முறியும், சாய்வு இருந்தால் சரியும். கோபப்படவும் கருணை காட்டவும் பொறுப்பேற்கவும் தெரிந்தவர்கள் மனிதர்கள் மட்டுமே. அந்தப் பொறுப்பை மலையின் தலையில் கட்டிவிட்டு நாம் இறங்கி வந்துவிடக் கூடாது.